பாடு இல்லாத நாள்

என் தம்பி ஒரு படத்தில் பேசியது ஒரே ஒரு வரி. வாயைத் திறந்து மூடுகிற நேரம்தான். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டில் ஆளுக்கொரு திசையில் போனோம். நான் அந்தப் படத்தை ஷாட் ஷாட்டாகப் பிரித்துப் பார்த்து, வகுப்பில் எழுந்து நின்று விளக்கம் வேறு சொன்னவள். எனக்கே அவன் என்ன சொன்னான் என்பது பிடிபட ரொம்ப நாளாயிற்று. பிடிபட்ட பிறகு குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை.

சென்னையிலிருந்து ஒரு குழு வந்து எடுத்த ஆவணப்படம் அது. இசை இளைஞர்களை என்ன செய்கிறது என்பது விஷயம். பல ஊர்ப் பையன்களும் பெண்களும் வருவார்கள். தூத்துக்குடிக்கு என் தம்பி. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பாடகர் குழுவில், கொயரில், கீபோர்டு வாசிக்கிறவன், மற்ற நாளில் அப்பாவோடு வள்ளத்தில் கடலுக்குப் போய்வருகிறவன், எந்நேரமும் கழுத்தில் ஹெட்போன் தொங்க அலைகிறவன் என்று யாரோ கைகாட்டி விட்டிருக்கிறார்கள். சில நாள் அவன் பின்னாலேயே கேமராவைத் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். டைரக்டருக்கு முத்தின் மேல் ஒரு கண். முத்துக்குளிப்பு எங்கள் அப்பா பிறப்பதற்கு முன்பே நின்றுபோனது என்று தம்பி எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், பஜாரில் ஒரு பாசிமாலையை வாங்கி அறுத்து மணலில் உருட்டிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டார். அப்போதே எனக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தம்பி படத்தில் வருகிறான் என்ற பெருமையில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அந்தக் குழுவில் ஒலிப்பதிவு செய்த அண்ணன் ஒருவர் தம்பியோடு நன்றாக ஒட்டிக்கொண்டார். தூரத்தில் வருகிற வள்ளங்களை எஞ்சின் சத்தத்தை வைத்தே யாருடையது என்று இவன் சொல்ல, அவர் அசந்துபோனார். உனக்கு நல்ல காது இருக்கிறது, ஈஸ்டர் கழித்துச் சென்னைக்கு வா, என் கூடவே இருந்து வேலை கற்றுக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார். தம்பி அதை என்னிடம் மட்டும் சொன்னான். அப்பாவிடம் சொல்ல அவனுக்குத் துணிச்சல் வரவில்லை. காரணம் இருந்தது. அப்பாவோடு கடலுக்குப் போய்க்கொண்டிருந்த சித்தப்பா கப்பல் வேலைக்குப் போய்விட்டார். இனி தம்பிதான் முழுசாக வள்ளத்துக்கு வர வேண்டும், அதுவும் ஈஸ்டர் கழித்து என்று அப்பா சொல்லியிருந்தார். இரண்டு பேரும் வைத்த கெடு ஒன்று. தம்பி இரண்டு பேரிடமும் தலையை ஆட்டிவிட்டு, மதில் மேல் பூனையாக உட்கார்ந்திருந்தான்.

படத்தை ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் ஒரு ஞாயிறு சாயங்காலம் கோயில் மண்டபத்தில் போட்டுக் காட்டினார்கள். தம்பியின் முகம் திரை முழுக்க வந்தது. கண்ணில் ஈரம். கொஞ்ச நேரம் கடலையே பார்த்தான். பிறகு சொன்னான்:

"பாடு இல்லாத நாளு உயிரோட இருக்கதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான்ணே."

கீழே இங்கிலீஷில் எழுத்து ஓடியது. பாட்டு இல்லாத நாளில் நான் செத்தவன் என்று அதற்கு அர்த்தம். அடுத்த கணம் கொயரின் பாட்டு எழுந்தது, அலை எழுந்தது, கேமரா மேலே மேலே போய் உப்பளமும் துறைமுகமும் தீப்பெட்டி அளவுக்கு ஆகிவிட்டன. எனக்குப் புல்லரித்தது. மண்டபத்தில் ஆம்பிளைகள் எல்லாரும் கைதட்டினார்கள். இவ்வளவு பேருக்குப் பாட்டின் மேல் இத்தனை பிரியமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்பா அன்றைக்கு வீட்டுக்கு நடந்துவந்த நடையே வேறு. வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் நின்று நின்று பேசினார். தம்பியின் ஆசை அவருக்குப் புரிந்துவிட்டது, இனி சென்னைக்குப் போகத் தடையில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். தம்பி மட்டும் ஹெட்போனைக் காதில் ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தான்.

நான் கல்லூரியில் விஸ்காம் படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பருவத்தில் ஆளுக்கொரு ஆவணப்படத்தை எடுத்து அதன் உத்திகளை அலசி செமினார் கொடுக்க வேண்டும். வீட்டுச் சரக்கே கையில் இருக்க வெளியே ஏன் தேட வேண்டும் என்று இந்தப் படத்தையே எடுத்தேன். எங்கள் மேடத்துக்கு ஒரு முறை உண்டு. முதலில் சத்தத்தை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்க்க வேண்டும். பிறகு திரையை மூடிவிட்டுச் சத்தத்தை மட்டும் கேட்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது நீங்கள் ஏமாறத் தயாராக இருக்கிறீர்கள் என்பார்.

சத்தம் இல்லாமல் பார்த்தேன். முதலில் என் கண்ணில் பட்டது தம்பியின் சட்டை. கடலைப் பார்க்கும்போது நீலம், பேசும்போது கறுப்பு. இரண்டும் வேறு வேறு நாள். அவன் கண்ணில் இருந்த ஈரம் எனக்குத் தெரிந்த ஈரம்தான். எஞ்சின் புகை பட்டால் அவனுக்கு இடது கண் எப்போதும் கலங்கும். இன்னொரு காட்சியில் அவன் ஹெட்போனோடு உட்கார்ந்திருக்க, பின்னால் ஒரு வள்ளம் கரையேறுகிறது. அவன் திரும்பியே பார்க்கவில்லை. அப்பா வந்ததுகூடத் தெரியாமல் பாட்டில் மூழ்கிக் கிடக்கிறான் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். எங்கள் வள்ளம் பச்சை. படத்தில் வந்தது மஞ்சள். யாரோ ஒருத்தருடைய வள்ளத்துக்கு அவன் ஏன் திரும்பிப் பார்க்க வேண்டும்? எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் அந்தக் கோபத்துக்கு நடுவிலேயே, அந்தக் காட்சி என்னமாய் ஒட்டி நிற்கிறது, நானாக இருந்தாலும் இங்கேதான் வெட்டியிருப்பேன் என்றும் தோன்றியது. இதை வெளியில் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

பிறகு திரையை மூடிவிட்டுக் கேட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி ஒருத்தி, கடல் இல்லாத ஓட்டப்பிடாரத்து மளிகைக்கடைக்காரர் மகள், இயர்போனின் ஒரு முனையை அவள் காதில் வைத்துக்கொண்டாள். தம்பியின் வரி வந்தது. நான் திடுக்கிட்டுத் திரும்பவும் ஓட்டினேன். அவன் பாட்டு என்று சொல்லவே இல்லை. பாடு என்றுதான் சொன்னான்.

எங்கள் கரையில் பாடு என்றால் அன்றைக்குக் கிடைத்த மீன். கடலிலிருந்து வருகிறவரைப் பார்த்து யாரும் நலமா என்று கேட்பதில்லை, பாடு உண்டா என்றுதான் கேட்பார்கள். பிறந்ததிலிருந்து தினமும் கேட்ட சொல். அதை மண்டபத்தில் உட்கார்ந்து பாட்டு என்று நான் கேட்டிருக்கிறேன். கீழே எழுத்து ஓடினால் காது தூங்கிவிடுகிறது. ஆம்பிளைகள் கைதட்டியது எதற்கென்று இப்போதுதான் உறைத்தது. சென்னைக்காரர்களுக்கு அந்தச் சொல் தெரிந்திருக்காது. பாடு என்றதும் பாடுவது என்று எழுதிவிட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, எனக்கே அது கேட்கவில்லை.

தோழிக்கு நான் ஏன் திடுக்கிட்டேன் என்றே விளங்கவில்லை. அவர்கள் பக்கம் பாடு என்றால் படாத பாடுதான். கஷ்டமில்லாத நாள் செத்த நாள் என்று சொல்லுகிற அளவுக்கு உன் தம்பி பெரிய ஞானியா, ஒரு விபூதிப் பொட்டலம் வாங்கி அனுப்பட்டுமா என்று கேலி செய்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்தி நடந்ததன் காரணம் புரிந்துவிட்டது.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் மெதுவாக விசாரித்தேன். அப்பா மீன் ஏலக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவதாகச் சொன்னாள். ஊர் உலகம் பார்க்கிற படத்தில் என் மவன் கடலைச் சொல்லிட்டான், இனி வள்ளத்துக்கு ஆள் தேட வேண்டாம் என்று. சரி, உனக்கு என்ன கேட்டது என்று அம்மாவைக் கேட்டேன். அவள் கொஞ்சம் வெட்கப்பட்டாள். ஆண்டவர் சிலுவையில் பட்ட பாடுகளைத்தான் சொல்கிறான் என்று நினைத்தாளாம். தவக்காலம், வெள்ளிக்கிழமைதோறும் சிலுவைப்பாதை, சாமியார் பிரசங்கத்தில் வாரம் தவறாமல் பாடுகள். மகன் சாமியாராகப் போக ஆசைப்படுகிறானோ என்று அவளுக்குள் ஒரு நப்பாசை. அதைச் செபமாலையோடு சேர்த்து உருட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குத் தலை சுற்றியது. ஒரு சொல்லில் ஒருத்தர் மீனைப் பார்த்தார், ஒருத்தி சிலுவையைப் பார்த்தாள், நான் பாட்டைப் பார்த்தேன்.

சொன்னவனையே கேட்டுவிடலாம் என்று தம்பியைப் பிடித்தேன். பாட்டு என்றுதான் சொன்னேன் என்றான். போட்டுக் காட்டினேன். அப்படியா, பாடு என்றா வருகிறது என்று என்னையே கேட்டான். ரெண்டில் எதை நினைத்துச் சொன்னாய் என்றேன். ஞாபகம் இல்லை என்றான். உனக்குக் கடல் வேண்டுமா சென்னை வேண்டுமா, அதையாவது சொல் என்று கத்தினேன். ரெண்டும் வேணும், ரெண்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஹெட்போனைக் காதில் ஏற்றிக்கொண்டான். ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது.

ஒலிப்பதிவு அண்ணனிடம் வெட்டாத முழுப் பேச்சும் இருக்கும் என்பது பிறகுதான் உறைத்தது. செமினாருக்கு வேண்டும் என்று தம்பியின் போனிலிருந்து கேட்டேன். அவர் தங்கமான மனுஷர், வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். அதை நான் கோயில் பக்கத்துக் கடற்கரையில் உட்கார்ந்து கேட்டேன். டைரக்டர் கேட்கிறார், பாட்டு உன் வாழ்க்கையில் என்னவாக இருக்கிறது என்று. நிறையக் காற்று. பிறகு அந்த வரி. படத்தில் அந்த இடத்தில் கொயர் எழும்பும். இதில் அவன் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனான்.

"பாடு இல்லாத நாளு உயிரோட இருக்கதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான்ணே. அப்பா வீட்டுக்கு வந்து ஒரு வார்த்த பேச மாட்டாரு. சோத்தத் தின்னுட்டு செவத்தப் பாத்துப் படுத்துக்கிடுவாரு. நாங்களும் பேச மாட்டோம். அந்த அமைதியக் கேக்க முடியாமத்தான் காதுல பாட்ட மாட்டுதேன்."

அவ்வளவுதான். கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறான். மீனையும் சொன்னான், பாட்டையும் சொன்னான், ஆனால் நாங்கள் யாரும் நினைத்ததைச் சொல்லவில்லை. அவன் சொன்ன அந்த வீடு எனக்குத் தெரியும். மீன் படாத நாளில் அப்பா யாரையும் திட்ட மாட்டார், அடிக்க மாட்டார். பேச மாட்டார், அவ்வளவுதான். நான் அந்த நாட்களில் புத்தகத்தை விரித்துக்கொள்வேன், அம்மா செபமாலையை எடுப்பாள். தம்பிக்கு ஹெட்போன். அவன் இசைப் பைத்தியம் என்று நாங்களே ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம். அந்த மணலில் உட்கார்ந்து எனக்கு யார் மேல் ஆத்திரப்படுவது என்று தெரியவில்லை. டைரக்டர் மேலா, அப்பா மேலா, அல்லது பக்கத்து அறையில் இருந்துகொண்டு இதைக் கேட்காத என் மேலா?

இதை அப்பாவுக்குப் போட்டுக் காட்டலாமா கூடாதா என்று எனக்குள் பெரிய பட்டிமன்றம். காட்டாவிட்டால் மகன் கடலைக் கேட்டான் என்ற சந்தோஷத்தில் அவனை வள்ளத்தில் ஏற்றிவிடுவார். அவனும் வாயைத் திறக்காமல் ஏறிவிடுவான். காட்டினால் அவர் மனசு என்ன பாடுபடும் என்று, பாருங்கள், அதே சொல்தான் அங்கேயும் வந்து நின்றது. தம்பியிடம் கேட்டேன். போட்டா போடு, போடாட்டா போ என்றான். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அது சம்மதம்தானா என்பது இன்னும் எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்து வந்து அப்பா நாற்காலியில் சாய்ந்திருந்தார். போனை அவர் கையில் கொடுத்து, படத்தில் தம்பி பேசியது முழுசும் இதில் இருக்கிறது என்றேன். கேட்டார். இன்னொரு தடவை போடு என்றார். போட்டேன். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். தேவையில்லாமல் குட்டையைக் குழப்பிவிட்டோமே என்று நான் அழுதேன். அம்மா என்னைத் தேற்றவில்லை. உனக்கு எதுக்குளா இந்த வேலை என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் விடிகாலையில் அப்பா தம்பியை எழுப்பவில்லை. பக்கத்துத் தெருக்காரர் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. அது கோபமா, அவன் இஷ்டத்துக்கு விட்டதா? எங்களுக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. தம்பி விழித்துக்கொண்டே படுத்திருந்திருக்கிறான், கூப்பிடுவார் என்று. கேட்கவும் பயம். மீன் என்னவோ அந்த நாட்களில் நன்றாகவே பட்டது. அதனால் அப்பா வழக்கம்போல மற்றதெல்லாம் பேசினார், இதைத் தவிர.

இதற்கு நடுவில் என் செமினார் வந்தது. சட்டை மாறியதைக் காட்டினேன், வள்ளம் மாறியதைக் காட்டினேன். அடுத்த காட்சியின் பாட்டை முன்னாலேயே இழுத்துக்கொண்டு வந்து ஒரு பேச்சின் மிச்சத்தை எப்படி மூடலாம் என்று விளக்கினேன். பாடு, பாட்டு கதையைச் சொன்னதும் வகுப்பு சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. அப்படியானால் அந்த வெட்டு சரியா தப்பா என்று கேட்டார். தப்பு என்று சொல்லத்தான் எழுந்தேன். ஆனால் அந்த வெட்டு இல்லாமல் அந்தப் பேச்சு முழுசாகத் திரையில் வந்திருந்தால், கோயில் மண்டபத்தில், அத்தனை பேர் முன்னால், அப்பா அதைக் கேட்டுக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்பார்? டைரக்டர் தனக்கே தெரியாமல் எங்கள் வீட்டு மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார். தெரியவில்லை மேடம் என்றேன். முடிவு தெளிவாக இல்லை என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்.

ஈஸ்டர் வந்து போயிற்று. ஒரு மத்தியானம் அப்பா கடலிலிருந்து வந்தார். கூடையை வாசலில் போட்ட சத்தத்திலேயே அது காலி என்று தெரிந்தது. அம்மா பேசாமல் சோற்றைப் போட்டு வைத்தாள். நான் புத்தகத்தை எடுத்தேன். தம்பியின் கை தானாகக் கழுத்துக்குப் போய் ஹெட்போனைக் காதுக்கு ஏற்றியது. அப்பா கையைக் கழுவிவிட்டு வந்தார். சோற்றுக்கு முன்னால் உட்காராமல் தம்பியின் பக்கத்தில் போய் நின்றார். ஈர விரலால் ஹெட்போனின் ஒரு பக்கத்தை விலக்கினார்.

"ஏலே, இன்னைக்கிப் பாடு இல்ல" என்றார்.

தம்பி அண்ணாந்து பார்த்தான். நான் பக்கத்தைப் புரட்டவில்லை. அப்பா உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தார். தலையை நிமிர்த்தாமல், நீரோட்டம் சரியில்லை என்றார், வலையில் வெறும் பாசியாக வந்தது என்றார், அந்தப் பக்கத்துத் தெருக்காரனுக்கு வலையை இழுத்து வாங்கத் தெரியவில்லை என்று அவனை இரண்டு திட்டு திட்டினார். பழக்கமில்லாத வேலையைச் செய்கிறவர் மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. சொல்ல வேறு ஒன்றும் இல்லாமல் போனதும் பிசைந்த சோற்றை ஓரமாக ஒதுக்கினார்.

"நீ எப்ப கெளம்புத?" என்றார் பிறகு.

சென்னைக்கா என்று தம்பி கேட்கவில்லை. அவர் எப்படித் தெரிந்துகொண்டார் என்றும் கேட்கவில்லை. நான் ஒருநாள் அம்மாவிடம் உளறியிருந்தேன், அவள் சொல்லியிருக்க வேண்டும். கேட்டால் இல்லை என்கிறாள். அது பிரியமாகக் கேட்டதா, பொறுக்க முடியாமல் கேட்டதா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. தம்பி ஹெட்போனைக் கழற்றித் தரையில் வைத்தான்.

"நாளைக்கு என்னய எழுப்புங்கப்பா. வள்ளத்துக்கு வாரேன். பெறவு போறேன்."

அப்பா சரி என்று தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். கழற்றி வைத்த ஹெட்போனிலிருந்து பாட்டு சன்னமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. அவன் போகப்போகிறான் என்பதற்காகவா, மீன் படாத நாளில் அப்பா பேசிவிட்டார் என்பதற்காகவா, கேட்டால் இப்போதும் சொல்லத் தெரியாது.